பிள்ளைகள் நலத்துக்கு நாம் சைக்கிள் மிதித்தால்? சாயல்குடி முதல் அரிச்சல்முனை வரை

7 ஜூலை 2025, இரவு 9.50

பரமக்குடி வாசகர் ஒருவர் கேட்டது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்:

“குழந்தைகள் உடல்நலத்துக்கு 130 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்னு நோட்டீஸ் பார்த்தேன். நாப்பது வயசு ஆளுக பனியனை மாட்டிக்கிட்டு வெயில்ல மிதிச்சா எந்த வீட்டுப் புள்ளைக்குத் தொப்பை குறையும்? மிதிக்க வேண்டியது புள்ளைகளா, நீங்களா?”

அந்த நோட்டீஸை அடித்தவர்களில் நானும் ஒருவன். சாயல்குடியில் கிளம்பி ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி வழியாக முதல் நாள் ராமநாதபுரம். மறுநாள் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அரிச்சல்முனை. பெரியவர்கள் 22 பேர். பிள்ளைகள் கடைசித் துண்டில் மட்டும். போகிற வழியில் நான்கு ஊரில் நிறுத்தி அங்குள்ள பிள்ளைகளோடு பேசுவது, விளையாடுவது.

அப்பன் ஓட்டினால் மகன் ஓட்டுவான். என் பதில் அவ்வளவுதான்.

7 ஜூலை, இரவு 11.30

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பெரிய ஆள் மாதிரி பேசியிருக்கிறேன். நான் மூன்று வருஷமாக ஓட்டுகிறேன், என் மகன் ஓட்டுவதில்லை. பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. அவன் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, இரண்டு டயரும் தரையோடு தரை.

8 ஜூலை

எதற்காக இதில் இறங்கினேன் என்று ஒருவர் கேட்டார். ராமநாதபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் கடையில் இரண்டு வகை அம்மாக்கள் வருவார்கள். ஒருத்தர், “புள்ள சாப்பிடவே மாட்டேங்குது, பசி எடுக்க ஒரு டானிக் குடுங்க.” இன்னொருத்தர், “புள்ள சாப்பிட்டுக்கிட்டே இருக்கு, உடம்பைக் குறைக்க ஏதாச்சும் இருக்கா?” ரெண்டு பேருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டும் ஒரு பிள்ளை நிற்கும், கையில் செல்போன், வாயில் அஞ்சு ரூபாய் பாக்கெட். “அந்தி சாய ஒரு மணி நேரம் தெருவுல விடுங்கம்மா, பசியும் எடுக்கும், உடம்பும் குறையும்” என்று சொன்னால், “தெருவுல விடுற மாதிரியா இருக்கு, வண்டியும் நாயும்” என்பார்கள். அதிலும் தப்பில்லை. டானிக்கை எடுத்துக் கொடுத்துவிடுவேன். வியாபாரம்.

9 ஜூலை

தேதி மாறியது. ஜூலை 26, 27 என்று முதலில் போட்டிருந்தோம். 24 ஆடி அமாவாசை, அதற்கு வந்த கூட்டம் ராமேஸ்வரத்தில் கலைந்து முடியாது. 27 அப்துல் கலாம் மறைந்து பத்து வருஷம் முடிகிற நாள், பேய்க்கரும்பு நினைவிடத்தில் கூட்டம் தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் சைக்கிளை நுழைக்கப் பார்த்தவர் யார் என்று கேட்காதீர்கள், நான்தான். இப்போது ஆகஸ்ட் 2, 3.

ஆடியில் ஏன், காற்று அள்ளிக்கொண்டு போகுமே என்கிறார்கள். அள்ளிக்கொண்டு போகத்தான் ஆடி! சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம் கிழக்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. இந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது முதுகுக்குப் பின்னால். இதையே மார்கழி, தையில் செய்தால் வாடை முகத்தில் அறையும். போன வருஷம் டிசம்பரில் தனியாகப் போய், மண்டபம் வரைக்கும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

9 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

“திரும்பி வரும்போது?” என்று பரமக்குடிக்காரர். திரும்பி வருவது லாரியில்.

14 ஜூலை

எவ்வளவு ஓடியாடினால் போதும் என்ற கேள்விக்கு: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபடி, 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்.

15 ஜூலை

தப்பு. எங்கள் கூட்டத்தோடு வருகிற பிள்ளைகள் மருத்துவர் அக்கா காலையிலேயே போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “ஒரே மூச்சில” என்பது நானாகச் சேர்த்தது. வாரம் முழுக்கப் பார்த்தால் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் வர வேண்டும். பள்ளிக்கு நடப்பது பத்து, ஓடிப் பிடித்து விளையாடுவது இருபது என்று துண்டு துண்டாகவும் சேரலாம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலு சேர்க்கிற குதித்தல், தாவுதல், ஏறுதல் வேண்டும். அதில் சைக்கிள் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. உடம்பின் பாரத்தைச் சீட்டு வாங்கிக்கொள்வதால் நொண்டி ஆடுகிற அளவுக்கு எலும்புக்கு வேலை இல்லை என்றார் அக்கா.

சைக்கிள் பயணத்துக்கு நோட்டீஸ் அடித்தவனிடம் நொண்டிதான் உசத்தி என்றால் எப்படி இருக்கும்! நோட்டீஸில் அதையும் ஒரு வரி சேர்த்தோம்.

20 ஜூலை

சைக்கிள் அளவு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடி முன்பாதத்தைத் தரையில் ஊன்ற முடிய வேண்டும். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். “வளந்தாலும் ஓட்டட்டும்”னு ஏழு வயதுக்கு 24 இஞ்ச் வாங்கிக் கொடுப்பது தீபாவளிச் சட்டை எடுக்கிற புத்தி. சட்டை பெரிசாக இருந்தால் மடித்துவிடலாம். சைக்கிள் பெரிசாக இருந்தால் பிள்ளை நாலு தரம் விழும், ஐந்தாம் தரம் தொடாது.

நாம் மட்டும் எப்படிக் கற்றோம் என்பீர்கள். எங்கள் தெருவில் மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிள். அதையும் இரண்டு பேர் பங்கு போட்டு ஆளுக்கு அரை மணி. பெரிய சைக்கிள், பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தெரு காலியாக இருந்தது, கூட ஓடிவரப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்த ரெண்டும்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, பெரிய சைக்கிள் அல்ல.

21 ஜூலை

மகன் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குப்பா குடுக்கப் போற?” என்றான்.

4 ஆகஸ்ட், திங்கள்

வந்து சேர்ந்தோம். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன். முதல் நாளை மட்டும் சொல்கிறேன்.

சாயல்குடியில் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. இருட்டு, பின்னால் காற்று. 22 பேரும் ஒற்றை வரிசை. ஆளிலேயே மெதுவானவர் முன்னால், விவரமான ஒருவர் கடைசியில். மெதுவானவரைப் பின்னால் விட்டால் கூட்டம் இரண்டாகப் பிய்ந்துவிடும் என்பது போன வருஷம் பட்டுத் தெரிந்தது. காற்று தள்ளிய தள்ளில் எல்லாரும் வீரர் ஆகிவிட்டார்கள். “அண்ணே, முப்பதுல போறேன்” என்று ஒரு தம்பி கத்தினான். நீ போகவில்லை, ஆடி போகிறது.

வாலிநோக்கம் விலக்குக்கு முன்னாலேயே வீரம் இறங்கியது. சாலையோரம் சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், தார் முழுக்க முள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, கால் மணி நேரத்தில் ஏழு பஞ்சர். விலக்கில் பஞ்சர்க் கடை வைத்திருக்கிற பெரியவர் அப்போதுதான் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஏழு சைக்கிளையும் பார்த்துவிட்டு, “என்னப்பா, சைக்கிள் சந்தையா?” என்றார். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, முட்டை வருகிற இடத்தைப் பிடித்து, உரசி, சொல்யூஷன் தடவி, ஊதி ஒட்டினார். அவர் ஒரு வேலை செய்தார், அதுதான் முக்கியம். ஒட்டியதும் டயரை அப்படியே மாட்டாமல், உள்பக்கம் முழுக்க விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். மூன்று டயரில் முள்முனை உள்ளேயே இருந்தது. எடுக்காமல் மாட்டியிருந்தால் கீழக்கரைக்குள் மறுபடி இறங்கியிருக்கும்.

நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எங்கள் திட்டத்தில் அங்கே நிறுத்தம் இல்லை. பேச்சு இல்லை, பேனர் இல்லை. ஒரு பையன் என் கை பம்பைக் கேட்டான். கொடுத்தேன். ஓடிப் போய் வீட்டிலிருந்து ஒரு துருப்பிடித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காற்று அடித்தான். அதைப் பார்த்து இன்னொருத்தன். அப்புறம் ஒரு பெண்பிள்ளை. கிளம்பும்போது எட்டு சைக்கிள் எங்கள் கூடவே உப்பளம் தெரிகிற வரைக்கும் வந்து திரும்பியது.

நிறுத்தம் என்று நோட்டீஸில் போட்ட நான்கு இடத்திலும் இது நடக்கவில்லை. அங்கெல்லாம் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்து, யாரோ மைக்கில் பேசினார்கள். நானும் பேசினேன்.

கீழக்கரையில் தொதல் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சொட்டச் சொட்ட. சாயல்குடியிலிருந்து மிதித்துக் குறைத்தது எல்லாம் ஒரே தட்டில் திரும்பி வந்தது. இரண்டாவது துண்டு எடுத்தது உண்மைதான், போட்டோ போட்டவர் நீக்கவும்.

5 ஆகஸ்ட்

இரண்டாம் நாள். உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை ஒன்றும் இல்லை, நல்ல சாலை, நல்ல காற்று, நிறைய சுற்றுலா வேன்.

பாம்பன் பாலம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் மேடு. கீழே நின்று பார்க்கிறவருக்கு மேடு என்றே தோன்றாது, மிதிப்பவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், அதன் தோளோடு 1914-இன் பழைய பாலம். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். சைக்கிளுக்கு அப்படி சிக்னல் எதுவும் கிடையாது, நாமே இறங்க வேண்டும். மேட்டில் வலப்பக்கக் கச்சான் காற்று அடித்த அடியில் ஆறு பேர் இறங்கித் தள்ளினோம். இரும்பு இணைப்புகள் வருகிற இடத்தில் சக்கரத்தை நேராக விட வேண்டும், சாய்த்தால் வழுக்கும். நடுப்பாலத்தில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களுக்குப் பின்னால் வரும் எதுவும் கண்ணில் படாது.

பிள்ளைகள் சேர்ந்தது முகுந்தராயர் சத்திரத்தில். 14 பேர். அவர்கள் சைக்கிள்கள் குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கின. அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் திறந்த சாலை. கடலை இரண்டாகப் பிளந்து கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். இடப்பக்கம் பெண்கடல், சும்மா கிடக்கும். வலப்பக்கம் ஆண்கடல், ஆடி மாதத்தில் அதன் சத்தத்துக்குப் பேச்சே கேட்காது. மணல் புகைபோல் சாலையைக் குறுக்கே கடந்தது.

என் மகன் நாலு கிலோமீட்டரில், “வயிறு வலிக்குது” என்றான். எனக்குத் தெரிந்த வயிற்றுவலிதான். இடிந்த தேவாலயம் கிட்ட நிறுத்தினோம். 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அவன் கேட்கவில்லை. அப்போது தனுஷ்கோடிக் குடிசைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். இவன் வயதுதான். பிரேக் இல்லாத சைக்கிள், ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் மீன் பை. குறுக்குக்காற்றில் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஒரு தினுசாக மிதித்து, ஹெல்மெட் போட்ட எங்கள் 14 பேரையும் தாண்டிப் போனான். போகிற போக்கில் என் மகனைப் பார்த்து, “டேய், காத்துல சாயுடா” என்றான்.

அதற்கு முன் மூன்று வாரமாக நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. இது ஏறியது. மகன் எழுந்து ஓட்டினான், அரிச்சல்முனை வரை. வயிற்றுவலி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது பிள்ளைகளை வண்டியில்தான் ஏற்றினோம். சிலர் அழுதார்கள். காரணம் இதுதான்: போகும்போது வலப்பக்கக் காற்று நம்மை இடது ஓரத்துக்குத் தள்ளும், விழுந்தால் மணல். வரும்போது அதே காற்று இடப்பக்கமிருந்து நடுச்சாலைக்குத் தள்ளும், விழுந்தால் வேன்.

5 ஆகஸ்ட், மதியம்

பாம்பனிலிருந்து ஒரு மச்சான், கடலுக்குப் போகிறவர், எழுதுகிறார்: “கச்சான்னு எழுதிட்டீரு. மேக்கேருந்து வந்தாத்தான் கச்சான். தெக்கேருந்து வாறது சோழகம். பாலத்துல உம்மள வலப்பக்கம் அடிச்சது சோழகமா இருக்கும். முதுகுல தள்ளுச்சே, அதுதான் கச்சான்.” சரி மச்சான். கிழக்கே பார்த்துப் போகிறவனுக்கு வலப்பக்கம் தெற்குதானே. கடைக்காரன் காற்றைப் பற்றி எழுதினால் இப்படித்தான்.

6 ஆகஸ்ட்

எழுத மறந்த ஒன்று. மறந்ததா, தள்ளிப்போட்டதா தெரியவில்லை.

நிறுத்தங்களில் ஒன்றில், கடலோர ஊர், பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி நான் பேசி முடித்ததும் வந்தாள். “சார், பதினொண்ணு போனாத்தான் கவர்மெண்டு சைக்கிள் தருவாங்க. நான் ஆறாப்புலேருந்து நடந்துதான் போறேன், போக வர எட்டு கிலோமீட்டரு. தம்பியையும் கூட்டிக்கிட்டு. நாங்க என்ன சார் எக்ஸசைஸ் செய்யணும்?”

என்னிடம் பதில் இல்லை. மருத்துவர் அக்கா அவள் தோளில் கைபோட்டு, “உனக்கு எக்ஸசைஸ் வேணாம்டி, சோறுதான் வேணும், காலையில என்ன சாப்பிட்ட?” என்றார். டீ, வர்க்கி. தம்பிக்கு அவன் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா கிடைக்கிறதாம். இவள் அந்த வகுப்பையெல்லாம் தாண்டிவிட்டாள்.

எங்கள் நோட்டீஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். “துரித உணவைத் தவிர்ப்போம், தொப்பையைக் குறைப்போம்.” நகரத்தில் என் கடை வாசலில் நிற்கிற பிள்ளைக்கு எழுதியதை, தினம் எட்டு கிலோமீட்டர் நடக்கிறவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

6 ஆகஸ்ட், இரவு

எங்களோடு புதுக்கோட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார், அறுபதைத் தொடுகிறவர். மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் பேசினார். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அக்கா அப்படிக் கற்றவர். “அன்னைக்கு யாரும் எங்ககிட்ட உடம்பு குறையும்னு சொல்லல தம்பி. குடத்தை வச்சு ஓட்டலாம், புள்ளைய வச்சு ஓட்டலாம், பஸ்ஸுக்கு நிக்க வேணாம்னு சொன்னாங்க. ஊரே கேலி பேசுச்சு. ஓட்டுனோம்.”

இரண்டு நாளும் மேட்டில் இறங்காமல் ஏறியவர் அவர். நான் இறங்கித் தள்ளிய ஆறு பேரில் ஒருவன்.

9 ஆகஸ்ட்

இதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்கு முன். அரிச்சல்முனையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்ன? கலர் பாட்டில் ஜூஸ், கிரீம் பிஸ்கட். நன்கொடையாக வந்தது, பெட்டி பெட்டியாக. உடல்நலப் பயணத்தின் முடிவில் 14 பிள்ளைகள் சர்க்கரைத் தண்ணியைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்திருக்கிறார்கள், பின்னால் எங்கள் பேனர். பரமக்குடிக்காரர் அந்தப் போட்டோவுக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, சிரிக்கிற முகம் ஒன்று மட்டும் போட்டார்.

நுங்குக் காலம் முடிந்திருக்கலாம், இளநீர் கிடைத்திருக்கும். குடிப்பதற்கு வீட்டிலேயே கலக்கியிருக்கலாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்குச் சொல்கிற அதே கரைசல். கடையில் பாக்கெட் விற்கிறவனே சொல்கிறேன். எலுமிச்சை பிழிந்தால் பிள்ளைகள் மூஞ்சியைச் சுளிக்காது.

10 ஆகஸ்ட்

ஒருவர்: “ஆறு ஸ்பூனும் சர்க்கரைத் தண்ணிதானே?” வெயிலில் மணிக்கணக்காக வியர்த்தவனுக்கு, உப்போடு, கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து குடிக்க இல்லை.

17 ஆகஸ்ட்

முதல் கேள்விக்கே வருகிறேன். எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தொப்பை குறைந்தது? எதற்கும் இல்லை. இரண்டு நாளில் குறையவும் குறையாது. “அப்பன் ஓட்டினால் மகன் ஓட்டுவான்” என்று எழுதியதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அப்பனைப் பார்த்து ஓட்டவில்லை, மீன் பைக்காரனைப் பார்த்து ஓட்டினான்.

அடுத்த முறை செய்தால் 130 கிலோமீட்டர் வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். சண்டை வந்தது. “அப்ப நாம எதுக்கு?” என்று முப்பதில் போன தம்பி கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, எனக்கும் தொலைவு ஓட்டப் பிடிக்கும். அதற்குப் பிள்ளைகள் பெயரைச் சொல்லாமல் போவோம் என்றேன். பிள்ளைகளுக்கென்றால் ஒரு ஊரில் ஒரு நாள் உட்காருவோம்: பஞ்சர்ப் பெட்டி, இரண்டு பெரிய பம்பு, பிரேக் கட்டை, செயின் எண்ணெய், சீட்டை ஏற்றி இறக்க ஸ்பேனர், அந்த வாலிநோக்கம் விலக்குப் பெரியவர். மூலையில் கிடக்கிற சைக்கிளையெல்லாம் கொண்டுவரச் சொல்வோம். மைக் கூடாது.

பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் வேதாளை வரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே உட்காரலாம் என்றார்கள். ராமநாதபுரத்திலிருந்து அது கை தட்டுகிற தூரம் இல்லை. பார்ப்போம்.

31 ஆகஸ்ட்

மகன் ஓட்டுகிறானா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். முதல் இரண்டு வாரம் தொடவில்லை. போன ஞாயிறு எதிர்வீட்டுப் பிள்ளை வந்து, “மாமா, பம்பு இருக்கா?” என்றது. எடுத்துக் கொடுத்தேன். அரை மணி கழித்து அடுத்த தெருப் பையன், “பம்பு அங்க இல்ல, வேற இருக்கா?” என்று வந்தான். பம்பைத் தேடி என் மகன் அவன் கூடப் போனான். இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தான், சைக்கிளோடு, முழங்காலில் தோல் உரிந்து.

பம்பு இன்னும் வரவில்லை. யார் வீட்டில் இருக்கிறதென்று தெரிந்தால் சொல்லுங்கள், நீலக் கலர், கைப்பிடியில் வெள்ளை டேப் சுற்றியிருக்கும். அவசரமில்லை.